‘அவர்’ என்றால் யார்?

தமிழில் ‘அவர்’ என்ற சொல்லுக்கு ஆண் பெண் பேதம் கிடையாது. கொழும்புப் பிள்ளைகளின் வாயில் அதிகம் புழங்கும் ‘அவங்க’வுக்கும் கிடையாது. சிங்களப் பேச்சில் வரும் ‘எயா’வும் அப்படித்தான். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு பிள்ளை பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவில் உட்கார்ந்து, “பக்கத்து வீட்டில் இருப்பவர் என்னிடம் தப்பாக நடந்துகொண்டார்” என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். பிள்ளை தமிழில் சொல்கிறது. யாரோ ஒருவர் அதைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்கிறார். இன்னொருவர் எழுதிக்கொள்கிறார். இந்த மூன்று படியிலும் ‘அவர்’ ஆணா பெண்ணா என்று எவரும் சொல்லவில்லை. ஆனாலும் கேட்பவர் மனத்தில் ஓர் உருவம் எழுந்துவிடும். அந்த உருவத்துக்குப் பெரும்பாலும் மீசை இருக்கும்.

அந்த மீசை எங்கிருந்து வருகிறது, அதனால் யாருக்கு என்ன நேர்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் விடயம்.

பெரும்பாலான வேளைகளில் அந்த ஊகம் சரியாகவே இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுவர்களைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்வோரில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள்தான். பெண்களும் செய்கிறார்கள் என்று வாயெடுத்ததும், ‘பார்த்தீர்களா, பெண்கள் மட்டும் யோக்கியமா’ என்று அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அவர்களுக்கு இங்கே தீனி இல்லை. என் கேள்வி வேறு. குற்றம் செய்தவர் பெண்ணாக இருக்கும் அந்தச் சில வேளைகளில், பிள்ளையைக் காப்பாற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள்?

உளவியலில் இதற்கு ‘மனப்பாங்கு’ என்று பெயர். ஒன்றைப் பற்றி ஒருவர் என்ன நம்புகிறார், என்ன உணர்கிறார், எந்தப் பக்கம் செயற்படச் சாய்கிறார் என்ற மூன்றும் சேர்ந்ததே மனப்பாங்கு. உங்களுடைய மனப்பாங்கும் என்னுடைய மனப்பாங்கும் வீட்டுக்குள் பேசும் பேச்சோடு முடிந்துபோகலாம். பொலிஸ் உத்தியோகத்தர், சட்ட வைத்திய அதிகாரி, நன்னடத்தை உத்தியோகத்தர், உளவளத்துணையாளர், வகுப்பாசிரியர், தாதி ஆகியோருடையது அப்படி முடிவதில்லை. அது கேள்வியாக வெளிவருகிறது. கேள்வியிலிருந்து வாக்குமூலம் பிறக்கிறது. வாக்குமூலம் கோப்பாகி, கடைசியில் சட்டமா அதிபர் திணைக்களத்தின் மேசைக்குப் போகிறது. முதல் அறையில் கேட்கப்படாத கேள்வியின் விடை கடைசி மேசையில் கிடைக்காது.

சரி, ஒருவரின் மனப்பாங்கை எப்படி அளப்பது? நேராகக் கேட்டால் பயனில்லை. ‘பெண் செய்தால் குற்றம் சிறியதா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘சட்டத்தின் முன் எல்லோரும் சமம்’ என்று பாடப்புத்தகப் பதில் வரும். அதனால் ஆய்வாளர்கள் ஒரு சின்னக் கதையை எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். நான் ஒன்றை நம் ஊருக்கு ஏற்றபடி கட்டிப் பார்க்கிறேன்.

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் கணித ரியூஷன் நடக்கிறது. கற்பிப்பவருக்கு 34 வயது, திருமணமானவர், பெற்றோர் மத்தியில் நல்ல பெயர். வகுப்பு முடிந்த பிறகும் 13 வயதுப் பிள்ளை ஒன்றை மட்டும் ‘சந்தேகம் தீர்க்க’ நிறுத்திவைக்கிறார். பிறகு இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப் செய்திகள் வரத் தொடங்குகின்றன. அதன் பின் ஒரு பரிசு. ‘வீட்டில் சொல்லாதே, அவர்களுக்கு விளங்காது’ என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது. சில மாதங்களில் அது பாலியல் துஷ்பிரயோகத்தில் போய் நிற்கிறது.

இந்தக் கதையை எத்தனை பிரதியும் எடுக்கலாம். கற்பிப்பவரை ஒன்றில் ஆணாகவும் மற்றொன்றில் பெண்ணாகவும் மாற்றலாம். பிள்ளையையும் அப்படியே மாற்றலாம். மற்றபடி ஒரு காற்புள்ளிகூட மாறாது. தொழில்சார் மனிதர்கள் சிலருக்கு ஒரு பிரதி, சிலருக்கு மற்றது. எவருக்கும் தமக்குக் கிடைத்த பிரதியைத் தவிர வேறொன்று இருப்பது தெரியாது. பிறகு கேள்விகள்: இது எவ்வளவு பாரதூரமானது? பொலிஸுக்கு அறிவிக்க வேண்டுமா? சிறைத்தண்டனை பொருத்தமா? பிள்ளைக்கு எவ்வளவு காலம் பாதிப்பு இருக்கும்? இரு குழுவினரின் விடைகளுக்கு இடையே விழும் இடைவெளிதான் அளவு. கதையில் வேறெதுவும் மாறவில்லை. ஆகவே மாறிய விடைக்குக் காரணம் ஆண், பெண் என்ற சொல் மட்டும்தான்.

பிரிட்டனில் ஹெதர்ட்டன், பியர்ட்ஸால் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் சமூகப் பணியாளர்களிடமும் பொலிஸாரிடமும் இதைச் செய்து பார்த்தார்கள். குற்றம் செய்தவர் ஆண் என்றபோது சிறையும் சமூக சேவைத் தலையீடும் கூடுதல் பொருத்தமாகத் தோன்றின. பெண் என்றபோது அந்த அழுத்தம் தளர்ந்தது. 2004இல் ஆஸ்திரேலியப் பொலிஸாரிடம் நடந்த ஆய்விலும் அதே சாய்வு. அதே நாட்டில் 2010இல் மெல்லர், டீரிங் இருவரும் உளவியலாளர்கள், மனநல வைத்தியர்கள், சிறுவர் பாதுகாப்புப் பணியாளர்கள் ஆகியோரிடம் கேட்டபோது, பெண்கள் செய்யும் துஷ்பிரயோகமும் பாரதூரமானதே, தலையிட்டே ஆகவேண்டும் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆயினும் நடவடிக்கை என்று வந்ததும் பெண்ணிடம் கொஞ்சம் இளக்கம் காட்டினார்கள்.

இந்த ஆய்வுகளைப் படிக்கிற புதியவர் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். எவரும் ‘இது குற்றமில்லை’ என்று சொல்லவில்லை. ‘பாரதூரமானதுதான், ஆனால்…’ என்றார்கள். அந்த ‘ஆனால்’ என்ற சொல்லுக்குள்தான் முழு விவகாரமும் ஒளிந்திருக்கிறது.

அதைப் பிரித்துப் பார்த்தவர் கனடாவின் மிரியம் டெனோவ். கதைப்பிரதி கொடுக்காமல், பொலிஸாரும் மனநல வைத்தியர்களும் இத்தகைய வழக்குகளைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அவர் கூர்ந்து கவனித்தார். 2001இல் வெளிவந்த அவரது கட்டுரையில் ‘மறுப்புக் கலாசாரம்’ என்ற சொற்றொடர் வருகிறது. அங்கே யாரும் நடந்ததை நடக்கவில்லை என்று மறுக்கவில்லை. நடந்ததைத் தங்களால் தாங்கிக்கொள்ளக்கூடிய வடிவத்தில் திரும்ப எழுதினார்கள். ஆபத்தில்லாத பெண், பெரிதாகப் பாதிக்காத செயல் என்று கதை மெல்ல மெல்ல உருமாறியது.

திரும்ப எழுதுவதற்கு நம் மொழியில் மைக்குப் பஞ்சமில்லை. ‘பெண் என்றால் பேயும் இரங்கும்’ என்று பழமொழி வைத்திருக்கிறோம். பொலிஸ்காரர் இரங்குவதில் என்ன வியப்பு? குற்றவாளியைச் சாடும் சொற்களை எடுத்துப் பாருங்கள்: காமுகன், கயவன், கொடியவன். எல்லாம் ‘அன்’ விகுதியில் முடிகின்றன. ‘காமுகி’யை அகராதி தாங்கும், செய்தித்தலைப்பு தாங்காது. ஆசிரியர் ஒருவர் மாணவியைத் துஷ்பிரயோகம் செய்தால் ‘துஷ்பிரயோகம்’ என்று எழுதும் அதே பேனா, ஆசிரியை ஒருவர் என்றதும் ‘மாணவனுடன் தகாத உறவு’ என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். உறவு என்றால் இருவர் வேண்டும், இருவருக்கும் சம்மதம் வேண்டும். 13 வயதுப் பிள்ளைக்கு ‘உறவு’ ஏது? ஒரு சொல்லை மாற்றியதும் பாதிக்கப்பட்டவர் பங்காளியாகிவிட்டார்.

இதன் இன்னொரு முகம் கேலி. மாணவன் ஆண் என்றால், ‘பையன் அதிர்ஷ்டக்காரன்’ என்று சிரிக்க மேசையில் ஒருவராவது இருப்பார். அந்தச் சிரிப்பு காதில் விழுந்த பிள்ளை வாய் திறக்காது. திறந்தால் அவனது ஆண்மைக்கே இழுக்கு என்று அவனுக்குக் கற்பித்தாகிவிட்டது. பாதிக்கப்பட்டது பெண்பிள்ளையாக இருந்தால் வேறொரு சுவர்: ஒரு பெண் இன்னொரு பெண்ணை என்ன செய்துவிட முடியும் என்ற கேள்வி. பிள்ளையிடம் அதைச் சொல்லப் பெயரே இருக்காது.

தாய்மை என்ற சொல்லைப் பற்றியும் பேச வேண்டும். குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் நித்திரையாக்குவதும் நம் வீடுகளில் பெண்களின் வேலை. பராமரிப்பின் பெயரால் பிள்ளையின் உடலைத் தொட அவர்களுக்கு எல்லோரும் அனுமதி கொடுத்திருக்கிறோம். அது தவறில்லை; பிள்ளை வளர அது தேவை. ஆனால் அதே அனுமதிக்குப் பின்னால் எல்லை மீறல் ஒன்று ஒளிந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அது பராமரிப்பாகவே தெரியும். 2009இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில், முன்பள்ளி ஒன்றில் வேலை செய்த பெண் ஒருவரின் குற்றங்கள் வெளிவந்தன. பிறகு நடந்த மீளாய்வில் ஒன்று தெரியவந்தது: கூட வேலை செய்தவர்களுக்கு அவரது நடத்தை பற்றி நெருடல் இருந்திருக்கிறது, ஆனால் அவரை எதிர்த்துக் கேட்கும் துணிவு வரவில்லை. கொழும்பில் பெற்றோர் ஸ்கூல் வேன் சாரதியைப் பற்றிப் பிள்ளைக்கு நூறு தடவை எச்சரிப்பார்கள். வேனில் உதவிக்கு வரும் பெண்ணைப் பற்றி ஒரு தடவையும் யோசிக்க மாட்டார்கள். சாரதியை எச்சரிப்பதில் பிழையில்லை. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஆளின் அடையாளத்தை அன்று, நடத்தையின் அடையாளத்தை என்பதுதான் என் வாதம்.

இப்போது எண்கள். 2017இல் பிரான்கா கோர்ட்டோனியும் உடனாய்வாளர்களும் 12 நாடுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்தார்கள். சிறுவர்கள் மீதானவை மட்டுமல்ல, எல்லாப் பாலியல் குற்றங்களும் அக்கணக்கில் அடக்கம். பொலிஸ், நீதிமன்றப் பதிவுகளின்படி குற்றவாளிகளில் பெண்கள் 2.2 சதவீதம். பாதிக்கப்பட்டவர்களையே நேரடியாகக் கேட்ட கருத்தாய்வுகளில் 11.6 சதவீதம். இரண்டுக்கும் நடுவே ஐந்து மடங்குக்கு மேல் இடைவெளி. பாதிக்கப்பட்டவர்கள் முறைப்பாடு செய்யாதது ஒரு காரணம். செய்தபோதும் அது வழக்காக வளராதது இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்துக்குள் தொழில்சார் மனிதரின் மனப்பாங்கு உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு வட்டம் சுழல்வதைக் காணலாம். பெண்கள் இதைச் செய்வது மிக அரிது என்று பயிற்சியில் சொல்லப்படுகிறது. அரிது என்பதால் கேட்பதில்லை. கேட்காததால் பதிவில்லை. பதிவில்லாததால், பாருங்கள், அரிதுதானே என்று அடுத்த பயிற்சியில் சொல்லப்படுகிறது. புள்ளிவிவரம் உண்மையை அளப்பதாக நினைக்கிறோம். சில வேளைகளில் அது நம் கேள்விகளைத்தான் அளக்கிறது.

பாதிப்பு குறைவு என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா? டெனோவ் 2004இல், சிறுவயதில் பெண்களால் துஷ்பிரயோகத்துக்கு உள்ளான 14 பேரிடம் ஆழமாகப் பேசினார். 7 ஆண்கள், 7 பெண்கள். போதைப்பழக்கம், தன்னைத் தானே காயப்படுத்துதல், தற்கொலை எண்ணம், பெண்கள் மீது நம்பிக்கையின்மை என்று அவர்கள் சொன்ன பட்டியல் சிறியதல்ல. 14 பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது. ‘பாதிப்பே இருக்காது’ என்பதை உடைக்க 14 பேர் போதும். அவர்கள் உதவி தேடிப் போன இடங்களைப் பற்றிய தனிக் கட்டுரை 2003இல் வந்தது. நம்பி, நிதானமாகக் கேட்ட தொழில்சார் மனிதரைச் சந்தித்தவர்களுக்குக் காயம் ஆறத் தொடங்கியது. அதிர்ச்சியோ அவநம்பிக்கையோ காட்டியவரைச் சந்தித்தவர்களுக்குப் பழைய காயத்தின் மேல் புதுக் காயம். மருந்துக்குப் போன இடத்தில் அடி வாங்கிய கதை.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு வன்புணர்வை வரையறுக்கும்போது ‘ஓர் ஆண்’ என்றே தொடங்குகிறது. செய்பவர் ஆண், பாதிக்கப்படுபவர் பெண் என்ற அமைப்பு அது. ஆகவே அந்தப் பெயரில் ஒரு பெண்மீது வழக்கு எழாது. ஆனால் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 365ஆ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. அதன் பெயர் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம். அங்கே ‘எந்தவொரு நபரும்’ என்றிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் சட்டத்தின் வாசகப்படி 7 முதல் 20 ஆண்டுவரை சிறை. பெண் குற்றவாளிக்குச் சட்டத்தில் இடமில்லை என்று சிலர் சொல்வது பிழை. இடம் இருக்கிறது, வேறு பெயரில் இருக்கிறது. பெயர் வேறாக இருப்பதால் மனமும் அதை வேறு தட்டில் வைத்து நிறுக்கிறது என்பது என் சந்தேகம்.

இந்தியாவில், பாலியல் குற்றங்களிலிருந்து சிறுவர்களைக் காக்க வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் ஆங்கில மூலம் ஆண்பால் பிரதிப்பெயரைப் பயன்படுத்துகிறது. அதைப் பிடித்துக்கொண்டு, பெண்ணான தன்மீது இப்பிரிவில் வழக்கு வராது என்று ஒருவர் வாதாடினார். 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அச்சொல்லை ஆணுக்கு மட்டும் குறுக்க முடியாது, பிள்ளையைக் காப்பதே சட்டத்தின் நோக்கம் என்றது. பிரதிப்பெயர் ஒரு நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது, பார்த்தீர்களா.

கொழும்பின் ஏற்பாடுகளுக்கு வருகிறேன். பொலிஸ் நிலையங்களின் சிறுவர் மகளிர் பிரிவுகளில் பெரும்பாலும் பெண் உத்தியோகத்தர்களே இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடு. பெண்ணிடம் பிள்ளை தயங்காமல் பேசும் என்ற கணிப்பு. குற்றம் செய்தவர் பெண்ணாக இருந்தால் அந்தக் கணிப்பு தலைகீழாகிவிடுகிறது. அன்பான குரலில் பேசி, தலையைத் தடவி, இனிப்புக் கொடுக்கும் பெண்ணைக் கண்டே அப்பிள்ளை மிரளலாம். அதேபோல், வீட்டில் ஆபத்து என்றதும் பிள்ளையை உடனே தாயிடமோ பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ ஒப்படைக்கிற வழக்கம் நமக்கு உண்டு. தாய் மத்திய கிழக்கில் வேலை செய்யும் வீடுகளில், ‘தகப்பனோடு தனியே விடாதீர்கள், சித்தி வீட்டில் விடுங்கள்’ என்பது ஊர் அறிவுரை. பெரும்பாலும் அது நல்ல அறிவுரைதான். சித்தி வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை.

மறுபக்கத்து வழுக்கலும் உண்டு. இளக்கம் காட்டும் அதே மனம், மறுக்கவே முடியாத ஆதாரம் வந்ததும் ஒரே நொடியில் புரண்டுவிடும். ‘இவள் பெண்ணே இல்லை, தாயே இல்லை, பேய்.’ ஆண் செய்தால் குற்றவாளி, பெண் செய்தால் இயற்கைக்கே விரோதி. பார்ப்பதற்கு எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை: பெண் இதைச் செய்யவே மாட்டாள் என்ற நம்பிக்கை. பேய் என்று சொல்லிவிட்டால், சாதாரணமாகச் சிரித்துப் பேசும் ஒரு பெண்ணைச் சந்தேகிக்க வேண்டிய சங்கடம் மறுபடி இல்லாமற்போகிறது.

உண்மையில் இப்பெண்கள் ஒரே வகையினர் அல்லர். 1989இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 16 பெண்களை மட்டும் ஆராய்ந்தவர்கள் மூன்று வகையைச் சொன்னார்கள்: தன் செயலைக் காதல் என்று நம்பும் ஆசிரியை போன்றவர், தன் சிறுவயதில் தானே துஷ்பிரயோகத்துக்கு உள்ளானவர், ஓர் ஆணின் கட்டாயத்தால் செய்தவர். 2004இல் டெக்சஸில் பதிவான 471 பெண்களை ஆராய்ந்தபோது ஆறு வகையாக விரிந்தது. மூன்றாம் வகைப் பெண்ணைப் பார்க்கும்போது அடி உதை வாங்கும் மனைவியையும் பார்க்கிறோம். அவளுக்குப் பாதுகாப்பும் வேண்டும், அவள் செய்ததற்குப் பொறுப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே கோப்பில் எழுதப் பழகாத உத்தியோகத்தர் ஒன்றை விட்டுவிடுவார். முதல் வகைப் பெண்ணிடமோ இந்த இரக்கத்தை அப்படியே கொண்டுபோய்ப் பொருத்துவது பெரும்பிழை.

சிகிச்சை தருபவர்களுக்கு ஓர் எண் முக்கியம். 2010இல் 10 ஆய்வுகளை இணைத்து, 2,490 பெண்களைச் சராசரியாக ஆறரை ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், மீண்டும் பாலியல் குற்றத்தில் பிடிபட்டவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. ஆண்களைவிட மிகக் குறைவு. இதனால் தண்டனை முடிந்தவர் திருந்தி வாழ வழியுண்டு என்ற நம்பிக்கை பிறக்கிறது, பிறக்கட்டும். ஆனால் பிடிபட்டவரின் எண்ணிக்கை அது. யாரைச் சந்தேகிக்கிறோம், யாரைக் கேட்கிறோம் என்ற அதே சல்லடை வழியேதான் அந்த எண்ணும் வந்திருக்கிறது.

கொழும்பில் இத்துறைக்குப் புதிதாக வரும் ஒருவர் என்ன செய்யலாம் என்றால், பெரிய தத்துவம் தேவையில்லை. ‘அந்த மாமா என்ன செய்தார்?’ என்று கேட்காமலிருக்கலாம். பிள்ளை மாமா என்று சொல்லாதவரை அந்தச் சொல் அறைக்குள் வரவே கூடாது. யாரிடம் பேச விருப்பம், ஆணிடமா பெண்ணிடமா என்று பிள்ளையையே கேட்கலாம். தமிழ்ப் பிள்ளையின் வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுத முயலலாம். மொழிபெயர்ப்பவரிடம் ‘அவர்’ என்று வந்த இடங்களைத் தானாக நிரப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லலாம். கோப்பை மூடுமுன் ஒரு தடவை, கற்பனையில் ஆளை மாற்றிப் பார்க்கலாம்: இதே செயலை ஓர் ஆண் செய்திருந்தால் இப்போது எடுத்த முடிவையே எடுத்திருப்பேனா? இக்கேள்வியை நன்னடத்தை அலுவலகத்திலும் கேட்கலாம், பாடசாலை அதிபரின் அறையிலும் கேட்கலாம், பொரளைச் சிறுவர் வைத்தியசாலையின் வார்டிலும் கேட்கலாம்.

1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். அழைக்கும் பிள்ளை முதலில் ‘ஒருவர்’ என்றுதான் சொல்லும். ‘அந்த ஒருவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டு, பிள்ளை வாய் திறக்கும்வரை பேசாமல் இருக்க வேண்டும்.